எரிமலைத் தீவுகளிலே எட்டு நாட்கள்

உலக தேசப்படத்தை விரித்து, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலே பூமத்திய ரேகை கடலைத் தொடும் இடத்தில் விரலை வைத்து, அப்படியே மேற்கே பசுபிக் சமுத்திரத்தினுள் நகர்த்துவோமாயின், பேனா மை தெறித்தாற்போற் சில புள்ளிகள் தென்படும். கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அப்புள்ளிகளே கலாபகோஸ் தீவுகள். ஈக்குவடோர் நாட்டுக்கு உரியவை. இப்புள்ளிகளை நாம் இருபது ஆண்டுகளாக வகுப்பறைப் படத்திலே கோலால் தொட்டுக் காட்டி வந்துள்ளோம். விலங்கியல் கற்பிப்பவருக்கு இவற்றைத் தவிர்த்தல் இயலாது. கூர்ப்பு என்னும் பாடம் வந்ததும் சார்ள்ஸ் டார்வின் வருவார். டார்வின் வந்ததும் இத்தீவுகள் வரும். தீவுகள் வந்ததும், அலகு வேறுபட்ட சிட்டுகளின் படம் கரும்பலகையில் ஏறும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருக்கையில், பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

"சேர், எந்தச் சிட்டை எந்தத் தீவிலே பிடித்தது என்று டார்வின் எழுதி வைத்தாரா?"

"எழுதாமல் விடுவாரா? இரும், தம்பி" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. அவன் அமர்ந்தான். அக்கேள்வியை நாம் அன்று மாலையே மறந்துவிட்டோம்.

கனடாவில் வாழும் எமது அத்தான், தமது ஐம்பதாவது வயது நிறைவையொட்டி இத்தீவுகளைக் காணப் புறப்பட்டு, துணைக்கு எம்மையும் அழைத்திராவிடின், ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் இப்பிரயாணம் கனவிலும் கைகூடியிராது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே ஈக்குவடோரின் தலைநகராகிய கீட்டோவிலிருந்து விமானம் ஏறினோம். ஏறுமுன் எமது பெட்டிகளைத் திறந்து பரிசோதித்தனர். பொன்னோ போதைப்பொருளோ அன்று, விதைகளையே அவர்கள் தேடினர். வயிற்றுக் கோளாறுக்கென்று எமது தமக்கையார் கட்டிக் கொடுத்த வெந்தயப் பொட்டலம் அகப்பட்டது. "இது முளைக்குமா?" என்று பரிசோதகர் கேட்டார். முளைக்கும் என்று உண்மையைச் சொன்னோம். பொட்டலம் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. தீவில் இறங்கியதும் ஆளுக்கு 200 டொலர் நுழைவுக் கட்டணம் வாங்கினர். நாம் போய்ச் சேர்ந்த மாதத்தின் முதலாந் திகதி வரை அது 100 டொலராகவே இருந்ததாம். அத்தான் இதனைப் பிரயாணம் முடியும்வரை நினைவுபடுத்திக்கொண்டே வந்தார்.

விமானம் இறங்கும் பால்ட்ரா என்னும் தீவு வெறுங் கற்றரை. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அமெரிக்கர் அமைத்த விமானத் தளமே இன்று பிரயாணிகளுக்கு வாயிலாக உள்ளது. அங்கிருந்து ஒரு சிறு கால்வாயைக் கடந்து சாந்தா குரூஸ் தீவை அடைந்தோம். வழிநெடுகிலும் கண்ட தாவரங்கள் எமக்கு ஊர் நினைவைத் தந்தன என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும். எம்மூர்க் கற்பூமிகளிற் கிடக்கும் நாகதாளி, அங்கே தடித்த அடிமரம் கொண்டு, தென்னம்பிள்ளையளவு உயர்ந்து நிற்கின்றது. நாகதாளியின் தாயகமே அமெரிக்கக் கண்டந்தான். எம்மிடம் வந்ததுதான் வந்தேறி. கோடையில் இலையுதிர்த்துச் சாம்பல் நிறக் கொம்புகளாய் நிற்கும் பாலோ சாந்தோ என்னும் மரமோ, எமது வேலிகளிலே நிற்கும் கிளுவையின் குடும்பத்தைச் சேர்ந்தது. தூரத்திற் கண்டபோது, யாரோ அயலவர் மலைச்சரிவு முழுவதையும் வேலியடைத்துவிட்டார் என்றே தோன்றியது.

கப்பல் ஏறுவதற்கு முதல் நாள், புவேர்த்தோ அயோரா என்னும் ஊரிலுள்ள டார்வின் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றோம். அங்கே ஒரு குளிரூட்டிய அறையிலே, கண்ணாடிக் கூட்டினுள், கழுத்தை நீட்டியபடி ஓர் ஆமை நிற்கின்றது. உயிருள்ளதன்று, பதனிட்டு வைக்கப்பட்ட உடல். இதன் பெயர் 'தனிமை ஜோர்ஜ்'. பின்டா என்னும் தீவுக்கே உரிய இனம். அவ்வினம் முற்றாக அழிந்ததென எண்ணியிருந்த வேளையிலே, 1971ஆம் ஆண்டு, நத்தைகளை ஆராயச் சென்ற ஒருவரின் கண்ணில் இது தனியே அகப்பட்டது. துணை தேடிப் பல ஆண்டுகள் அலைந்தனர், துணை இல்லை. அயல் இனப் பெட்டைகளைச் சேர்த்து வைத்தனர்; இட்ட முட்டைகள் பொரிக்கவில்லை. 2012ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி காலை, அதனை நெடுங்காலம் பராமரித்த காவலர் சென்று பார்த்தபோது, நீர்த்தொட்டியை நோக்கிய நிலையில் இறந்து கிடந்தது. ஓர் இனம் எந்த நாளில் முடிவுற்றது என்று திகதியிட்டுச் சொல்லக்கூடிய சந்தர்ப்பம் உலகில் அரிது.

இத்தீவுகளுக்குப் பெயர் தந்ததே ஆமைதான். ஸ்பானிய மொழியில் 'கலாபகோ' என்பது ஆமையைக் குறிக்கும். இருநூறு கிலோகிராமுக்கு மேல் நிறையுள்ள இப்பிராணி நூறாண்டுக்கு மேல் வாழ வல்லது. அதன் தலைவிதியை நிருணயித்தது வேறொரு வல்லமை: உணவும் நீருமின்றி ஏறத்தாழ ஓராண்டு உயிரோடிருக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், மாதக்கணக்காகக் கடலில் திரிந்த திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு இதனிலும் சிறந்த இறைச்சிக் களஞ்சியம் ஏது? பிடித்து, புரட்டி, கப்பலின் அடித்தட்டிலே அடுக்கி வைத்தனர். அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவை ஓர் இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடுகின்றனர். டார்வின் வந்த பீகிள் கப்பலும் இதற்கு விலக்கன்று. முப்பது ஆமைகளை ஏற்றிச் சென்று, வழியில் சமைத்து உண்டு, ஓடுகளைக் கடலிலே வீசினர். தீவுக்குத் தீவு ஆமையின் ஓடு வேறுபடுகின்றது. ஓட்டைப் பார்த்தே எத்தீவின் ஆமை என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த துணை ஆளுநர் லோசன் டார்வினிடம் கூறியிருந்தார். அச்சொல்லின் பெறுமதி அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கிய காலத்தில் ஓடுகள் கடலடியிற் கிடந்தன.

மறுநாள் கப்பலேறினோம். கப்பல் என்பது மரியாதைச் சொல். பதினாறு பிரயாணிகளும் சில மாலுமிகளும் கொள்ளும் சிறு கலம் அது. இங்கே எந்தப் பிரயாணக் கப்பலும் நூறு பேருக்கு மேல் ஏற்றுதல் ஆகாது. பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி வீதம் இருத்தல் வேண்டும். ஒரே இடத்தை ஒரே கப்பல் பதினான்கு நாட்களுக்குள் இரண்டாம் முறை நாடலாகாது. காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் கரையில் கால் வைத்தல் கூடாது. பாதையை விட்டு விலகலாகாது. எந்தப் பிராணியிடமிருந்தும் இரண்டு மீற்றர் தள்ளி நிற்றல் வேண்டும். தீவுகளின் நிலப்பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு 1959ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. எஞ்சிய மூன்று பங்கிலேதான் ஏறத்தாழ முப்பதினாயிரம் மக்கள் வாழ்கின்றனர். எமது வழிகாட்டி சாந்தா குரூஸ் தீவிலே பிறந்து வளர்ந்த இளைஞர்; பேச்சில் நயமும், விதிகளில் எமது பழைய தலைமை ஆசிரியரை ஒத்த கண்டிப்பும் உடையவர்.

கப்பற் சமையற்காரருக்கு நாம் மரக்கறி மாத்திரமே உண்போம் என்பது முதலில் நோயாகவே பட்டது. இரண்டாம் நாளிலிருந்து சோறும் அவரைப் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் தவறாமல் வந்தன.

முதலில் இறங்கியது வட சீமோர் என்னும் தட்டையான சிறு தீவு. இறப்பர் வள்ளத்திலிருந்து பாறையில் கால் வைக்க முயன்றபோது, வைக்கவேண்டிய இடத்திலே ஒரு கடற்சிங்கம் படுத்திருந்தது. வழிகாட்டி கைதட்டினார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, மறுபடியும் மூடிக்கொண்டது. பாதையின் நடுவிலே நீலப் பாதம் கொண்ட பூபி என்னும் பறவை ஒன்று, தன் எச்சத்தாலேயே வட்டமிட்டு, அவ்வட்டத்தினுள் முட்டைமீது அமர்ந்திருந்தது. "அது வழிவிடாது, நாமே சுற்றிப் போகவேண்டும்" என்றார் வழிகாட்டி. பதினாறு பேரும் ஒற்றை வரிசையாய் அப்பறவைக்கு வழிவிட்டு நடந்தோம். புதர்களின் மேலே, பிரிகேற் என்னும் கரும் பறவையின் சேவல்கள், கழுத்தின் கீழுள்ள செந்நிறப் பையை ஊதித் திருவிழாப் பலூன் போலாக்கிக்கொண்டு, வானத்திற் பறக்கும் பேடுகளை அழைத்தன. கடற்சிங்கக் குட்டியொன்று எம்மை நோக்கித் தத்தித் தத்தி வந்து, சப்பாத்தை முகர்ந்தது. இரண்டு மீற்றர் விதியை அது அறியாது. பின்வாங்க வேண்டியவர்கள் நாமே.

வேட்டை நாயைக் கண்டோடும் முயலையும் கல்லெடுக்குமுன் பறக்கும் காகத்தையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். பிராணியெனின் மனிதனைக் கண்டு அஞ்சும் என்பதை ஓர் இயற்கை விதியாகவே கொண்டிருந்தோம். அவ்விதி இங்கே செல்லாமற்போனபோது, முதலில் உண்டானது மகிழ்ச்சியன்று, ஒருவகைக் கூச்சம்.

இவ்வச்சமின்மைக்குக் காரணம் எளிதில் விளங்குவதே. இத்தீவுகள் எக்காலத்திலும் எந்தக் கண்டத்தோடும் இணைந்திருக்கவில்லை. கடலடியில் பிறந்து, கடலின் நடுவே தலைகாட்டியவை. இங்கு வந்தேறிய உயிர்கள் பறந்தோ நீந்தியோ மிதக்கும் மரங்களிற் பற்றிக்கொண்டோ வந்தவை. ஊர்வன நீரின்றி நெடுநாள் தாங்கும், ஆதலால் பிழைத்தன. பெரிய முலையூட்டிகள் அவ்வாறு வர இயலவில்லை. புலியில்லை, நரியில்லை, மனிதனுமில்லை. 1535ஆம் ஆண்டு பனாமாவின் ஆயர் தொமாஸ் டி பெர்லாங்கா, பேரு நாட்டுக்குச் செல்லும் வழியிலே காற்று விழுந்து, நீரோட்டம் இழுத்துவர இங்கே தற்செயலாய் ஒதுங்கினார். குடிநீரின்றிக் கள்ளியை மென்று உயிர் தாங்கிய அவர், கையாற் பிடிக்கத்தக்க பறவைகளைப் பற்றி மன்னருக்கு எழுதினார். அவரைத் தொடர்ந்து வந்தவர்களும் கையாலேயே பிடித்தனர்.

வட சீமோர் தீவிலே மஞ்சள் நிறத் தரை இகுவானாக்களையும் கண்டோம். இகுவானாவைக் கண்டதும் உடும்பென்றே எண்ணத் தோன்றும். உறவினால் அது எமது ஓணானுக்கே அணித்தானது. 1930களின் தொடக்கத்திலே, ஹன்கொக் என்னும் செல்வந்தரின் ஆராய்ச்சிக் குழுவினர், அயலிலுள்ள பால்ட்ராவில் இவை மெலிந்து வாடுவதைக் கண்டு, எழுபது வரையானவற்றைத் தூக்கிவந்து இங்கே விட்டனர். அனுமதி கேட்டுச் செய்த காரியமன்று. ஆனால், பின்னர் பால்ட்ராவில் இவ்வினம் முற்றாக மறைந்தபோது, வட சீமோரில் விடப்பட்டவற்றின் சந்ததியே எஞ்சியது. 1991ஆம் ஆண்டு முதல் அச்சந்ததியிலிருந்து வளர்த்தவற்றைப் பால்ட்ராவுக்கு மீண்டும் கொண்டு சென்றனர். விமான நிலையத்து ஓடுபாதையருகே நாம் கண்ட இகுவானா அவ்வழி வந்ததே.

பார்த்தலோமே, சந்தியாகோ என்னும் தீவுகளை நாம் மூன்றாம் நாள் கண்டோம். சந்தியாகோவின் சல்லிவன் குடாவிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பாய்ந்த எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கின்றது. முறுக்கிய கயிறு போன்றும், மடித்து வைத்த சேலை போன்றும், பாகு வழிந்து தோய்ந்தது போன்றும், கருமையிலே எத்தனை வடிவங்கள்! ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் ஆங்காங்கே ஒரு சிறு செடியன்றி வேறொன்றும் முளைக்கவில்லை. நாம் நடந்தபோது அத்தரை வெண்கலம்போல் ஒலித்தது.

பூமியின் உள்ளிருந்து வெப்பம் மேலெழும் ஓரிடம் இத்தீவுகளின் மேற்குப் பகுதியின் கீழ் அமைந்துள்ளது. அதன்மேற் கிடக்கும் கடற்றட்டு கிழக்கே மெல்ல நகர்கின்றது. அடுப்பு அசையாமலிருக்க, தோசைக்கல்லை நகர்த்தினாற்போல, புதுத் தீவுகள் மேற்கிலே தோன்றுகின்றன. பழையவை கிழக்கே சென்று, குளிர்ந்து, தேய்ந்து, முடிவிற் கடலுள் அமிழ்கின்றன. கிழக்கிலுள்ள எஸ்பஞோலா முதலியவற்றின் வயது மூன்று, நான்கு மில்லியன் ஆண்டுகள். மேற்கே பெர்னாந்தினா ஒரு மில்லியனையும் எட்டவில்லை. ஆதலால் எமது கப்பல் மேற்கே திரும்பியபோது, இளமையை நோக்கியே சென்றது எனலாம்.

அந்த இரவுப் பிரயாணத்தைப் பற்றி அதிகம் எழுதாமல் விடுவதே நன்று. இசபெலாத் தீவின் வட முனையைச் சுற்றுகையில் கடல் கொந்தளித்தது. பூமத்திய ரேகையைக் கடக்கிறோம் என்று கப்பற்றலைவர் சங்கு ஊதுவித்தபோது, அத்தானும் நாமும் தலை தூக்கும் நிலையில் இல்லை. போன வெந்தயத்தை அப்போது நினைத்துக்கொண்டோம்.

விடிந்தபோது குளிர். பூமத்திய ரேகையின்மேல் நின்று சால்வை போர்த்தியவர்கள் எம்மூரில் வேறெவரும் இருப்பாரோ அறியோம். தெற்கேயிருந்து ஹம்போல்ட் நீரோட்டமும், மேற்கேயிருந்து ஆழத்தின் வழியே வந்து தீவுகளில் மோதி மேலெழும் குரோம்வெல் நீரோட்டமும் கொண்டுவரும் குளிர்நீர் அது. அக்குளிர்நீரிலே உணவு மிகுதி. அதனாலேயே, பனிநாட்டுக்குரிய பெங்குவின் பறவையும் இங்கே வாழ்கின்றது. முழங்கால் உயரங்கூட இல்லாத ஒரு பெங்குவின், கறுத்த பாறையில் நின்று எமது வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெர்னாந்தினாத் தீவே எமது பிரயாணத்தின் சிகரம். ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரமுள்ள ஒரே எரிமலைதான் முழுத் தீவும். 1968ஆம் ஆண்டு அதன் வாயின் தளம் 300 மீற்றர் வரை அமிழ்ந்தது. நாம் சென்ற 2024ஆம் ஆண்டிலும், மார்ச் 2ஆந் திகதி இரவு அது வெடித்துக் குழம்பு கக்கியிருந்தது. எலியோ பூனையோ ஆடோ கால் வைக்காத தீவு என்று இதனைக் கூறுவர். பிரயாணிகள் இறங்க அனுமதியுள்ள கடல்முனை ஒன்றே உண்டு.

அம்முனையில் இறங்கியபோது, தரை அசைந்தது. கல்லென்று எண்ணியவை எல்லாம் கடல் இகுவானாக்கள்! நூற்றுக்கணக்கில், ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்து, ஒரே திசையில் முகம் வைத்து வெயில் காய்ந்தன. உலகிலுள்ள பல்லியினங்களுள் கடலில் மூழ்கி இரை தேடுவது இஃதொன்றே. அடியிலுள்ள பாசியை மேய்ந்து, உடல் குளிர்ந்து விறைத்துக் கரையேறும். உடலிற் சேர்ந்த உப்பை மூக்கின் வழியே தும்மி எறியும். நாற்றிசையும் தும்மல் ஒலி. எல் நினோ என்னும் வெந்நீர்க் காலத்திலே பாசி அழிந்துவிட, பட்டினியாற் சாகும். சாகாமல் தப்புபவை செய்யும் விந்தையை என்னென்பது! உடல் மெலிவது மாத்திரமன்று, நீளத்திலேயே ஐந்திலொரு பங்குவரை குறுகிவிடுகின்றன; நற்காலம் திரும்பியதும் மீண்டும் நீள்கின்றன. டார்வின் இவற்றுள் ஒன்றை வாலாற் பிடித்துக் கடனீரில் வீசினார். அது நேரே அவர் நின்ற இடத்துக்கே திரும்பி வந்தது. மீண்டும் வீசினார், மீண்டும் வந்தது. கடலிலே சுறா உண்டு, கரையிலே பகையில்லை, ஆதலாற் கரையையே புகலிடமாகக் கருதுகிறது என்று அவர் முடிவு செய்தார். புகலிடமென்று அது ஓடிவந்த கரையிலே நின்றவர், அதனை வீசியவரே.

முனையின் ஓரத்திலே ஒரு நீர்க்காகம், சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. தொண்டைமானாற்றுக் கடனீரேரியிலே கம்பின்மேல் நின்று இதே கோலத்திற் சிறகுலர்த்தும் நீர்க்காகத்தை நாம் எத்தனையோ முறை கண்டதுண்டு. ஆனால் இதற்கிருந்தவை சிறகல்ல, சிறகின் மிச்சம். பறப்பதற்கு வேண்டிய அளவில் மூன்றிலொரு பங்குதான். பகையில்லாத கரை, காலடியிலே இரை, பறப்பானேன்? பறத்தலை விட்ட பறவை, சிறகுலர்த்தும் வழக்கத்தை விடவில்லை. கந்தற் குடையை விரித்துப் பிடித்தாற்போன்ற அக்கோலத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கூர்ப்பைப் பற்றி இருபதாண்டு பேசியதில் இப்படியொரு சான்றை மாணவர் முன் வைத்ததில்லை.

எதிரே இசபெலாத் தீவு. அதன் மலைச்சரிவுகளைக் காட்டி, வழிகாட்டி ஆடுகளின் கதையைக் கூறினார். பழைய மாலுமிகளும் குடியேறியவர்களும் இறைச்சிக்கென விட்டுச் சென்ற ஆடுகள் பல தீவுகளிலும் பெருகின. பின்டாத் தீவிலே, 1959ஆம் ஆண்டு விடப்பட்ட மூன்று ஆடுகள் பதினைந்து ஆண்டுகளுக்குள் பல்லாயிரமாயினவாம். ஆமைக்கு வேண்டிய புல்லையும் நிழலையும் அவை தின்று தீர்த்தன. 1997 முதல் 2006 வரை நடந்த பெருந் திட்டமொன்றிலே, ஹெலிகொப்டரிலிருந்து சுட்டும் நாய்களைக்கொண்டு துரத்தியும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ஆடுகளைக் கொன்றனர். இறுதியில் எஞ்சியவை குகைகளில் ஒளித்தன. அவற்றைப் பிடிக்க ஓர் உபாயம் செய்தனர். ஒரு பெட்டையாட்டின் கழுத்திலே வானொலிக் கருவியைக் கட்டி விடுவர். ஆடு தனித்திருக்க விரும்பாது. தன் இனத்தைத் தேடிச் செல்லும். பின்தொடர்ந்து சென்று, அதனை மட்டும் விட்டு மற்றவற்றைச் சுடுவர். அது மறுபடியும் துணை தேடிப் புறப்படும். அவ்வாட்டுக்கு யூதாஸ் என்று பெயர்.

கொல்லாமையைத் தலையாய அறமென்று பாலர் வகுப்பிலிருந்தே கேட்டு வளர்ந்த எமக்கு, சோறு இறங்கவில்லை. "உயிரோடு பிடித்துக் கொண்டுபோயிருக்கலாகாதா?" என்று கேட்டோம்.

"அந்தக் கல்லிலே நீங்கள் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள்" என்றார் அவர். பின்பு சற்றுத் தணிந்து, "என் தந்தையாரும் அந்த நாட்களில் இதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் ஆடு உலகெங்கும் உண்டு, ஐயா. இந்த ஆமைக்கு வேறு ஊர் இல்லை" என்றார்.

எஸ்பஞோலாவிலே பதினான்கு ஆமைகளே எஞ்சியிருந்தனவென்றும், அமெரிக்க விலங்குக்காட்சிச்சாலையொன்றிலிருந்து திரும்பி வந்த தியேகோ என்னும் ஆணோடு சேர்த்துப் பதினைந்திலிருந்து ஏறத்தாழ ஈராயிரம் பெருகினவென்றும், 2020ஆம் ஆண்டு அப்பதினைந்தையும் தீவிலே மீண்டும் விட்டனரென்றும் கூறினார். அங்கேயும் முதலில் ஆடுகளை அகற்றிய பின்னரே அது கைகூடிற்று. எமது நெடுந்தீவிலும் அந்நியர் விட்டுச் சென்ற குதிரைகள் நூற்றாண்டுகளாய்த் திரிகின்றன. அவற்றை நாம் அழகென்றே காண்கிறோம். வழிகாட்டி கூறியதிலே பிழை காண எம்மால் இயலவில்லை. அன்றிரவு நித்திரை கொள்ளவும் இயலவில்லை.

ஆறாம் நாள் மாலை, கப்பற் கூடத்திலே அவர் டார்வினைப் பற்றி ஒரு விரிவுரை நிகழ்த்தினார். நாம் அறிந்த விடயந்தானே என்று சற்று அலட்சியமாகவே அமர்ந்தோம். 1835ஆம் ஆண்டு செப்டெம்பர் நடுப்பகுதியில் பீகிள் வந்தது. ஐந்து வாரம் நின்றது. இருபத்தாறு வயதான டார்வின் நான்கு தீவுகளில் இறங்கினார். இவ்வளவும் எமக்கு மனப்பாடம். அடுத்துக் கூறியது மனப்பாடத்தில் இல்லை. டார்வின் சிட்டுகளைப் பிடித்தார். ஆனால் எதை எத்தீவிற் பிடித்தார் என்று ஒழுங்காகக் குறிக்கவில்லை. பல தீவுகளின் சிட்டுகளை ஒன்றாய்க் கலந்துவிட்டார். அவையெல்லாம் ஒரே குடும்பமென்பதும் அவருக்குத் தெரியவில்லை. சிலவற்றை வேறு குலத்துப் பறவைகளென்றே எண்ணினார். 1837ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இலண்டனில் ஜோன் கூல்ட் என்னும் பறவையியலாளர் ஆராய்ந்து சொன்ன பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதன்பின் டார்வின், கப்பற்றலைவர் பிற்ஸ்றோய் முதலியோர் பெயரிட்டுச் சேர்த்து வைத்திருந்த பறவைகளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டார். 1859ஆம் ஆண்டு வெளியான அவரது பெருநூலிலே இச்சிட்டுகளைப் பற்றிய விளக்கமே இல்லை. இவற்றின் புகழ் பரவியது, 1947இல் டேவிட் லாக் எழுதிய நூலின் பின்னர்தான்.

அப்படியாயின் அவரைச் சிந்திக்க வைத்தது எது? மொக்கிங் பறவை, அழகென்று சொல்ல ஏதுமில்லாத, சாம்பல் நிறப் பறவை. முதற் றீவிலே கண்டதும் இரண்டாந் தீவிலே கண்டதும் வேறுபட்டன. அவ்வேற்றுமை கண்ணிற் பட்டதால், அவற்றை மட்டும் தீவுவாரியாகக் குறித்து வைத்தார்.

சிட்டுகளின் உண்மையான ஆராய்ச்சி எமது காலத்தது. நாம் கப்பலேறிய அன்று வழியிலே டாப்னி மேஜர் என்னும், கவிழ்த்த சட்டி போன்ற ஒரு சிறு தீவைக் கண்டிருந்தோம். பிரயாணிகள் இறங்க இயலாத அத்தீவிலே, 1973ஆம் ஆண்டு முதல் பீற்றர் கிரான்ற், றோஸ்மேரி கிரான்ற் என்னும் தம்பதியர் ஆண்டுதோறும் சென்று ஒவ்வொரு சிட்டின் அலகையும் அளந்தனர். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. எம்மூர் நெருஞ்சிக்கு உறவான செடியொன்றின் முட்காய்கள் மாத்திரம் எஞ்சின. அவற்றை உடைக்க வல்ல பேரலகுச் சிட்டுகள் பிழைத்தன. நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை மடிந்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகு பெரிதாயிற்று. டார்வின் யுகக்கணக்கில் நிகழும் என்று எண்ணியதை இவர்கள் ஒரே வரட்சியிற் கண்டனர்.

விரிவுரை முடிந்தும் நாம் எழுந்திருக்கவில்லை. 'எழுதாமல் விடுவாரா? இரும், தம்பி' என்று எமது குரலே எமக்குக் கேட்டது. அந்தப் பின் வாங்கு மாணவர் இன்று வேறொரு பாடசாலையிலே ஆசிரியர். கற்பிப்பதும் விலங்கியலே. நாம் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

கடைசியாக இறங்கியது புளோரியானாத் தீவு. டார்வின் அம்மொக்கிங் பறவைகளுள் ஒன்றைப் பிடித்தது இங்கேதான். இன்று அப்பறவை அத்தீவில் இல்லை. கப்பல்களோடு வந்த எலிகளும் பூனைகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதனை ஒழித்துவிட்டன. கரைக்கப்பால் தெரியும் இரண்டு சிறு பாறைத் தீவுகளிலே சில நூறு பறவைகள் தப்பியுள்ளன. அவை ஒருநாள் திரும்பி வருவதற்காக, 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே புளோரியானாவில் எலி ஒழிப்பைத் தொடங்கினர்.

அத்தீவின் ஒரு குடாவிலே, மணலில் நட்ட கம்பத்தின்மேல், ஒரு மரப்பீப்பா உள்ளது. அதுவே தபாற்பெட்டி. திமிங்கில வேட்டைக்காரர் காலத்து வழக்கம்: போகிறவன் கடிதத்தை இட்டுச் செல்வான், ஊர் திரும்புகிறவன், தன் ஊர்ப்பக்கத்துக் கடிதங்களை எடுத்துச் சென்று கொடுப்பான். முத்திரையில்லை, கட்டணமில்லை. இன்றும் பிரயாணிகள் அவ்வாறே செய்கின்றனர். பதினாறு பேரும் மணலில் வட்டமாய் அமர்ந்து, பீப்பாவிலிருந்த அட்டைகளின் முகவரிகளை ஒவ்வொன்றாய் உரத்து வாசித்தோம். அத்தானுக்கு ரொறன்ரோ முகவரிகள் இரண்டு கிடைத்தன. இலங்கைக்கென்று ஒன்றுமில்லை.

நாம் ஓர் அட்டையை எடுத்து, எமது பழைய மாணவரின் பெயரையும் அவரது தந்தையாரின் வீட்டு முகவரியையும் எழுதி, "டார்வின் எழுதி வைக்கவில்லை. உமது கேள்வியே சரி" என்று இரண்டு வசனம் வரைந்து பீப்பாவினுள் இட்டோம். "யாழ்ப்பாணத்தான் ஒருவன் இந்த மணலுக்கு இனி எப்போது வருவான்? ஊருக்குப் போய் வாயாற் சொல்லலாமே, தம்பி" என்றார் அத்தான்.

ஓராண்டு கழிந்தது. கடந்த விடுமுறையின்போது, திருநெல்வேலிச் சந்தையிலே வெண்டிக்காய் தெரிந்துகொண்டிருந்த அவரைக் கண்டோம். அட்டை வந்ததா என்று கேட்டோம். எந்த அட்டை என்றார். பையைக் கீழே வைத்துவிட்டு, நடந்ததெல்லாம் கூறினோம். அந்த நாளையும், தம் கேள்வியையும், வகுப்பின் சிரிப்பையும் அவர் மறந்திருக்கவில்லை.

"அப்போ, அவர் எழுதவில்லையா, சேர்?"

"இல்லை, தம்பி."

சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்பு, அந்த மொக்கிங் பறவையின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு, கையிலிருந்த கடதாசித் துண்டிலே குறித்துக்கொண்டார். அட்டை வந்து சேர்ந்தால் உடனே தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.